பலகை எருமை பாய்ந்து வந்தபோது

போன வருடம் வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் வரும் துப்பாக்கி சுடும் திடல் ஒன்றில் இது நடந்தது.

முப்பது வருடம் மற்றவர்களின் விண்ணப்பப் படிவங்களில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். பென்சன் எடுத்த பிறகும் அந்த வியாதி போகவில்லை. பிக்கரிங்கில் இருக்கும் என் மனைவியின் தம்பி, தானும் வேலையை விட்ட கையோடு, ஆபிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை வேட்டையாடப் போவதாகச் சொன்னான். இங்கே பல வருடம் மான் சுட்டவன்தான். ஆனால் மான் ஓடிப்போகும்; காயம்பட்ட காட்டெருமை சுட்டவனைத் தேடி வரும். மனைவி பொறுப்பை என் தலையில் வைத்தாள்.

"அவன் உயிரோட திரும்பி வாற மாதிரி ஏதாவது செய்யுங்கோ."

செய்தேன். ஒவ்வொரு வேட்டுக்கும் வலப்பக்கக் கைப்பிடியை இழுத்துத் தள்ளவேண்டிய போல்ட் துப்பாக்கியா, இரண்டு விசையை அழுத்தினால் அடுத்தடுத்து இரண்டு வேட்டு வைக்கும் இரட்டைக்குழலா என்பதுதான் கேள்வி. அவனுக்கு இரட்டைக்குழலில் ஆசை. நான் அவனுடைய உயரம், நிறை, கை நீளம், கண்ணாடி நம்பர் எல்லாம் கேட்டு எழுதி, நாலு குண்டு கொள்ளும் போல்ட்தான் சரி என்று மூன்று பக்க அறிக்கை கொடுத்தேன்.

"அத்தான், உந்த அறிக்கையை நான் வாசிச்சு முடியுமட்டும் எருமை பாத்துக்கொண்டு நிக்குமோ?"

"நீ முதல்ல வாசி. எருமை ஆறுதலா வரட்டும்."

திடலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன்னுடைய இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் சுட்டுப் பார்க்கத் தந்தார். அசையாத இலக்கில், போல்ட் துப்பாக்கியால் நாலு குண்டையும் நடுவில் போட்டான். நான் பெருமையோடு தலையாட்டினேன். அடுத்தது, கம்பியில் ஓடிவரும் பலகை எருமை.

அது கடகடவென்று நேரே எங்களை நோக்கி வந்தது. அவன் துப்பாக்கியைத் தூக்கி இடது தோளில் வைத்தான். முதல் வேட்டு வெடித்தது. பிறகு அவனுடைய இடக்கை, இடப்பக்கத்தில் இல்லாத கைப்பிடியைத் தேடிக் காற்றைத் துழாவியது. பலகை வந்து எங்கள் முன்னால் கிடந்த டயரில் முட்டி நின்றது.

"ஏனடா இடப்பக்கம் வைச்சனி?"

"சின்னனில நான் இடக்கை, அத்தான். வாத்தியார் அடிமட்டத்தால அடிச்சு மாத்தினவர். ஆறுதலா எண்டால் வலது வரும். பயந்தால் இதுதான் வருது போல."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கண்ணாடி நம்பர் கேட்டியள், சொன்னன். கையைப் பற்றி நீங்கள் கேக்கேல்லையே."

கிழவர் போல்டை வாங்கிக்கொண்டு இரட்டைக்குழலைக் கொடுத்தார். பலகை மறுபடி ஓடி வந்தது. மறுபடியும் இடது தோள்தான். அது பாதி வழி வருமுன் இரண்டு வேட்டும் நெஞ்சில் இருந்தன. அவன் கை எதையும் தேடவில்லை.

ஆவணியில் இரட்டைக்குழலோடு போய் வந்தான். எருமைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அருகில் பார்த்ததும் சுட மனம் வரவில்லையாம்.

அவன் வலக்கையால் சோறு குழைப்பதை முப்பத்தெட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். பயந்தால் எந்தக் கை முன்னால் வரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை; நெருங்கியவர்களிடம்தான் நாம் எதையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்று அவன் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் இப்போது தோன்றுகிறது.