ஐந்தாவது நூல்

நம்பாவிட்டால் போங்கள். பேய் என்றால் நானும் சிரிக்கிற ஆள்தான். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறவள் பிணத்துக்குப் பயந்தால் பிழைப்பு என்னாவது? ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் வெளிச்சம் போகும் முன்பே.

மறுநாள் மாணவர்களுக்குத் தேர்வு. ஆய்வறை மேசைமேல், பிணத்திலிருந்து எடுத்த ஒரு வலது கை. முன்கைத் தோலை உரித்து, ஒவ்வொரு விரலுக்கும் போகிற தசைநாணில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். முன்கைத் தசை விரல் வரை வராது. வெள்ளைக் கயிறு மாதிரி இந்த நாண்தான் போய் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். நூலை இழுத்தால் விரல் மடங்கும். ஐந்தையும் இழுத்துப் பார்த்தேன். ஐந்தும் மடங்கின.

ஒரு குறை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. மடங்கிய விரலை நிமிர்த்தப் புறங்கையில் வேறு நாண்கள் வேண்டும். அவற்றைப் போன வருடத்துப் பிள்ளைகள் குதறி வைத்திருந்தார்கள். அந்தக் கையால் மூட முடியும், திறக்க முடியாது. நானே ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட்டு, உதவியாளரிடம் அறையைப் பூட்டச் சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

மாலை ஆறு நாற்பது. இரண்டு வயது மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சோப்பு வழுக்கியது. வலது கையால் அவள் மேல்கையைப் பிடித்தேன்.

என் ஆள்காட்டி விரல் இறுகியது... நான் இறுக்கவில்லை.

நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல். கடைசியில் கட்டைவிரல். நூல் கட்டிய அதே வரிசை.

"அம்மா, வலிக்குது!"

கணவர் ஓடி வந்தார். "என்ன பண்றே? விடு அவளை!"

"நான் பிடிக்கலங்க... பிரிச்சு விடுங்க!"

பலம் கொண்ட மட்டும் இழுத்தார். அசையவில்லை. குழந்தையின் விரல் நுனிகள் நீலமாயின. என் கை, என் பிள்ளை... பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டென்று நாலு விரல்கள் துவண்டன.

கட்டைவிரல் இன்னும் ஒரு அழுத்து அழுத்தியது... பிறகு மெதுவாக விட்டது.

செல்போன் அடித்தது. உதவியாளர்.

"மேடம், பூட்டப் போனேன். அந்தக் கை மூடியிருந்துச்சு. நூலெல்லாம் விறைப்பா நின்னுச்சு, யாரோ இழுக்கிற மாதிரி... பயத்துல கத்தரிச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"அஞ்சையுமா?"

"அஞ்சா? நாலுதானே இருந்துச்சு."

மறுநாள் அறை முழுக்கத் தேடினோம். கட்டைவிரல் நாணில் முடிச்சு அழுந்திய தடம் இருந்தது. நூல் இல்லை.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். சாலையைக் கடக்கும்போது என் இடது கையைத்தான் கொடுக்கிறேன்.