‘தார் ரோடு’ எந்த வேகத்தில் ஓட வேண்டும்?

பழைய பாட்டைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். ஒழுங்காகச் செய்தால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்பார்கள், ஏதாவது செய்துவிட்டால் ஏன் கை வைத்தாய் என்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் பதினெட்டு வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. காதை நம்பி வாழும் சக பாவிகளே, சமீபத்தில் என் தலையைச் சுற்றவைத்த ஒரே ஒரு ஆல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிஸ்கட் டின்

மாணிக்கம் அங்கிளை இங்கே ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டே ‘தார் ரோடு’ என்று எட்டுப் பாட்டுள்ள ஒரு ராக் ஆல்பம் போட்டவர். எலெக்ட்ரிக் கிட்டாரோடு உறுமியைச் சேர்த்தவர். எதிரொலி வேண்டும் என்று காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பாடியவர். அந்த ஆல்பத்தைப் புது இசைத்தட்டாகக் கொண்டுவர செல்வம் என்ற ரசிகர் முன்வந்தார். வெளியீட்டு விழாவில் அங்கிள் ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்பது அவர் ஆசை.

மூல டேப்பை பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்த அங்கிள், பாடுவதற்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர் மேடை ஏறி முப்பது வருடமாகிறதாம். ஏன் அங்கிள் என்று கேட்டேன். “தொண்டை போயிருச்சும்மா. கேசட்டுல பாடுன ஒசரத்துக்கு மேடையில ஏற முடியல. சனங்க மொகத்த பாத்தேன், நிறுத்திட்டேன்.”

இரைச்சல் சொன்ன சேதி

டேப்பை ஓட்டினால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு மின்சார இரைச்சல். துடைப்பதற்கு முன்னால் அதை அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். நம் ஊர் மின்சாரத்தின் இரைச்சல் எப்போதும் ஒரே சுருதியில்தான் நிற்கும். இதுவோ ஒரு கட்டை மேலே நின்றது. அப்படியானால் அன்றைக்குப் பதிவு செய்த மெஷின், பெல்ட் தளர்ந்துபோய் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகிவிடும், குரலும் மேலே ஏறிவிடும்.

டேப்பின் வேகத்தைக் குறைத்து இரைச்சலை அதன் இடத்துக்கு இறக்கினேன். கூடவே பாட்டும் இறங்கியது. குரல் கனத்தது, உறுமி வயிற்றில் இடித்தது. பழகிய பாட்டு யாரோ எவரோ மாதிரி ஒலித்ததில் எனக்கே பயமாகிவிட்டது. செல்வத்துக்கு அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் போன் வந்தது: “அக்கா, அங்கிளுக்கு அன்னிக்கு காய்ச்சலா?”

ரவாங் ரசிகர்

செல்வத்துக்கு என் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. ரவாங்கிலிருந்து ஒரு தீவிர ரசிகரை அனுப்பிவைத்தார். தொழிற்சாலை சூப்பர்வைசர், அறுபது வயது. உறை கிழிந்த தன் கேசட்டைக் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் கேசட்டை ஒரு தடவை, நான் இறக்கியதை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போட்டேன். கேட்கக் கேட்க எனக்கே எது சரி என்று பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை இசைத்தட்டு அடிக்கும் இடத்துக்குப் பாட்டு போயாக வேண்டும். இரைச்சல் விவகாரத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று கேட்டார்: “அப்ப நாப்பது வருஷமா நான் யாரோட ரசிகன் மேடம்?”

கிள்ளான் கீபோர்டு

அன்றைக்கு என்ன கட்டை என்று அங்கிளுக்கு நினைவில்லை, பதிவின்போது அவரோடு இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. பிறகு மேடைகளில் அங்கிளுக்குக் கீபோர்டு வாசித்தவர் கிள்ளானில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வியாழக்கிழமை ரயில் ஏறினேன். அங்குள்ள லிட்டில் இந்தியா கடையில் துணி அளந்துகொண்டே பேசினார். மேடைக்குச் சுருதி எப்படி வைப்பீர்கள் என்று கேட்டதும் மனிதருக்கு முகமெல்லாம் பெருமை.

“கேசட்ட போட்டுத்தான்! அதுல என்ன கட்டையோ அதே கட்டை. மாணிக்கண்ணே கெஞ்சுவாரு, கொஞ்சம் இறக்குடான்னு. நான் விட்டதே இல்ல. ஒரிஜினல் ஒரிஜினல்தான் லா!”

வெள்ளிக்கிழமை காலை

திரும்பி வரும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. அங்கிளின் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதர் இத்தனை நாளும் ஒரு தளர்ந்த பெல்ட்டோடு போட்டி போட்டுத் தோற்றிருக்கிறார். இதை அவரிடம் சொல்வது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அவரை வரவழைத்து, எதுவும் சொல்லாமல் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது சரணத்தில் அவராகவே கூடப் பாட ஆரம்பித்தார். ஏற வேண்டிய இடத்தில் கொஞ்சமும் திணறாமல் ஏறினார். பாட்டு முடிந்ததும் பெல்ட் கதையைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். “அப்ப எனக்கு ஒண்ணுமே ஆகலையாம்மா? முப்பது வருஷம்மா, முப்பது வருஷம்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் போனைக் காட்டினார்: “செல்வத்துக்குப் போடு. ஒரு பாட்டு பத்தாது, எட்டையும் பாடறேன்னு சொல்லு.”

விழாவில் சொன்னபடி எட்டையும் பாடினார், பாதிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, மீதிக் கூட்டம் அவர் ஆல்பத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று இன்னும் என்னோடு சண்டை போடுகிறது, இரண்டு தரப்பும் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.