பச்சையம்மா சொன்ன ரகசியம்

அடையாறில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. வகுப்பெடுப்பவள் ரூபீனா. மேலாண்மைக் கல்வி பற்றிய வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தால்தான் ஜூனில் வேலை நிரந்தரமாகும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சு மெய்ப்பும் வந்துவிட்டது. இரண்டு நாளில் திருத்தி அனுப்ப வேண்டும்.

ஊரூர் குப்பத்து மீன்காரி பச்சையம்மா ஏலம் கேட்கக் கற்றுக்கொண்டது எப்படி என்பதுதான் கட்டுரை. அதற்காக ரூபீனா ஒரு வருஷம் விடியற்காலைகளில் கடற்கரையில் நின்று குறிப்பெடுத்திருந்தாள். இன்னொரு படகு நிறைய மீனோடு வருவதாகப் போன் வந்துவிட்டால், ஏலக்காரர் வேதநாயகம் தன்னையறியாமல் காதைத் தடவுவார். அப்போது விலையை ஏற்றாமல் பொறுத்திருந்தால் சற்று நேரத்தில் மீன் மலிந்துவிடும். பச்சையம்மா பதினெட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. பெயர்களை மட்டும் மாற்றி ரூபீனா அதைக் கட்டுரையில் எழுதியிருந்தாள். மதிப்பீட்டாளர்கள் இருவரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

அன்று வகுப்பு முடிந்ததும் மாணவன் பிரசாத் வந்து நின்றான். கட்டுரை வந்ததும் தனக்கு ஒரு பிரதி வேண்டும், அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றான். அவன் அப்பாதான் வேதநாயகம்.

பெயரை மாற்றியிருந்தாலும் காதைத் தடவுவது தான்தான் என்று அவர் கண்டுகொள்வார் என்பது ரூபீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சையம்மா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நம்மேல் தப்பில்லை என்று திருவல்லிக்கேணியில் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிரவு மெய்ப்பை எடுத்து அந்தப் பத்தியை மறுபடி படித்தாள்.

மறுநாள் காலை குப்பத்துக்குப் போய், காதைத் தடவும் விஷயம் கட்டுரையில் வரப்போவதையும் பிரசாத் பிரதி கேட்டதையும் சொன்னாள். பச்சையம்மா கூடையை இறக்கிவைத்து நிதானமாகக் கேட்டாள்.

"புள்ளைங்க பாடத்துக்குன்னு சொன்னேன் டீச்சர். புக்குல வந்துச்சுன்னா அந்தாளு கையக் கட்டிக்கினு நிப்பாரு. அப்பால நான் இன்னாத்த பாத்து ஏலம் கேக்கறது?"

"அப்ப எடுத்துடறேன்மா," என்றாள் ரூபீனா. தன் வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தப் பத்தியை நீக்கும்படி அன்று மதியமே இதழாசிரியருக்கு எழுதினாள். கட்டுரையின் முக்கியச் சான்றே அதுதான், அதில்லாமல் மீண்டும் மதிப்பீட்டுக்குத்தான் போக வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது.

ஜூன் வந்தது. கட்டுரை வராததற்குத் துறைத்தலைவர் காரணம் கேட்டார். ரகசியம் வெளியாகிவிடக் கூடாதென்பதால் பாதியைத்தான் அவளால் சொல்ல முடிந்தது. ஒப்பந்தத்தை ஒரு வருஷம் மட்டும் நீட்டித்தார்கள்.

ஜனவரியில், வேறு சான்றுகளோடு கட்டுரை வெளிவந்தது. பிரசாத் படித்துக் காட்டியபோது, தன் பெயரை ஏன் போடவில்லை என்று மட்டும் வேதநாயகம் குறைபட்டுக்கொண்டாராம். கட்டுரையைப் பார்த்த துறைத்தலைவர், இந்த வருஷம் விதி மாறிவிட்டது, வேலை நிரந்தரமாக இரண்டு கட்டுரை வேண்டும் என்றார்.