இடப்பக்கத்து வயலின்

தனியார் பஸ் டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பாட்டுப் போடத் தெரியுமா என்றுதான் ஏறினவுடனே பார்ப்பார்கள். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். கேசட்டில் ஆரம்பித்து, சிடியைத் தாண்டி, சுண்டுவிரல் அளவுள்ள பென்டிரைவில் வந்து நிற்கிறேன். எனக்கு ராகம் தெரியாது. தாளம், ஸ்டீயரிங்கில் விரலால் தட்டுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் அபிப்பிராயம் ஏகப்பட்டது இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லையே.

படப் பெயர்களைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள். கேசட் அட்டையின் நிறத்தை வைத்தே சொல்கிறேன். வீட்டில் ஆசையாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "சத்தத்தைக் கம்மி பண்ணு" என்று வசவு வாங்கியவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசை மாற்றக் கூடாது

ஒரு படத்தின் பாட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும். இது என் சட்டம். முதல் பாட்டு ஆளைக் கூப்பிடுவதற்கு. இரண்டாவது ஜோடிப் பாட்டு. மூன்றாவதில்தான் இசையமைப்பாளர் உயிரை வைத்திருப்பார். நாலாவது தயாரிப்பாளரின் தொல்லைக்காகப் போட்டது. ஐந்தாவது, முதல் பாட்டின் மெட்டே சோகமாக வரும். அந்தச் சோகம்தான் அசல், முதலில் வந்த சந்தோஷம் வெறும் முன்பணம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நீல அட்டைக் கேசட்டில் அந்தச் சோகப் பாட்டைக் கேட்டுவிட்டு ஒருநாள் முழுக்க நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல். பஸ் நிலையத்தில் கிளம்பும்போது முதல் பாட்டைப் போட்டால், கீழ்பென்னாத்தூரில் நுழையும்போது சரியாகக் கடைசிப் பாட்டு ஓடும். ஒரு தை மாதத்தில் பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஒன்று தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலையோடு ஏறியது. இறங்குகிற நேரத்தில், "இனி யாருமில்லை எனக்கு" என்கிற பொருளில் ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். மாலை டிரிப்பில் அதே கூட்டம் முகம் தொங்கிப்போய் ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா நேராக என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். "தம்பி, ஜாதகத்துல ஒண்ணும் கோளாறு இல்ல. எறங்கும்போது நீ போட்டியே ஒரு பாட்டு, அதுலதான் கோளாறு."

மஞ்சள் அட்டை

மஞ்சள் அட்டைக் கேசட்டைப் பற்றித் தப்பாகப் பேசினால் எங்கள் பக்கத்தில் அடி விழும். அதன் மூன்றாவது பாட்டு வந்தால் டிக்கெட் கேட்கிற சத்தம்கூட நின்றுவிடும். எனக்கும் ஒரு காலத்தில் அது உயிர். ஆனால் கடைசி மூன்று நாலு வருஷமாக அதில் என்னவோ குறைந்துபோன மாதிரி எனக்குத் தோன்றத் தொடங்கியது. குரல் இருக்கிறது, தபேலா இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. பசையில்லாமல் தொங்கியது. வயசானால் ரசனை வளரும் என்பார்கள், எனக்கு வளர்ந்துவிட்டது என்று நம்பினேன். கொஞ்சம் கர்வம்கூட வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

கரீம் பாய் என் தினசரிப் பயணி. கீழ்பென்னாத்தூரில் வீடு, திருவண்ணாமலையில் பூட்டு ரிப்பேர் கடை. காலை எட்டரை வண்டியில் என் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பஸ்ஸில் நான் மதித்த ஒரே காது அவருடையது. ஒருநாள் மூன்றாவது பாட்டு முடிந்ததும், "இது வெறும் கூடு பாய். அந்தக் காலத்துல நாம ஏமாந்துட்டோம்" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். "அந்த வயலின் வர்ற எடத்துலயுமா?" என்றார். "எந்த வயலின்? அப்படி ஒண்ணு இருந்தா எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

வாய்ப்பேச்சு வளர்ந்தது. நான் விடவில்லை. பூட்டைத் தட்டித் தட்டிக் காது மழுங்கிப்போச்சு என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பாய் சோமாசிபாடியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்துங்க டிரைவர். அந்தப் பாட்டு கூடுனு சொல்ற வண்டியில நான் வரல, அடுத்த வண்டியில வந்துக்கறேன்."

அதன் பிறகு அவர் ஏறவே இல்லை.

ஸ்பீக்கர் டாக்டர்

அதே சமயத்தில்தான் என் வண்டியின் இடப்பக்கத்து ஸ்பீக்கர் என்னைப் படுத்த ஆரம்பித்தது. வலப்பக்கம் கணீரென்று பாடும், இடப்பக்கம் ஊமை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆடியோ செட் போடுகிற பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் போய் மாற்றினேன். இரண்டு வாரத்தில் புதுசும் ஊமை. சண்டை போட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஊமை.

மூன்றாவது தடவை அவன் ஏணி போட்டு ஏறி, ஸ்பீக்கர்மேல் காதை வைத்துக் கேட்டான். பிறகு இறங்கி வந்து, டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஸ்பீக்கர் சூப்பரா பாடுதுணா. கோளாறு ஒயர்லயும் இல்ல, செட்லயும் இல்ல. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

நடந்து போன கிடார்

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொஞ்ச நாள் என் வண்டியில் வந்துபோனார். வேட்டி, ரப்பர் செருப்பு, எழுத்துக் கூட்டிப் பேசுகிற தமிழ். என் பாட்டுகளை அவர் பொறுமையாகக் கேட்டதால், அவர் நாட்டுப் பாட்டை நான் ஒருநாள் கேட்க வேண்டியதாயிற்று. பஸ் நிலையத்தில் வண்டி நின்றபோது தலையில் மாட்டுகிற பெரிய ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டார். அங்கே அதைக் காவியம் என்கிறார்களாம். என் அபிப்பிராயம், எட்டு நிமிஷமாகியும் பாடுகிறவர் வரவில்லை. நம்ம ஊராக இருந்தால் அதற்குள் இரண்டு சரணம் முடிந்து கதாநாயகி மலையிலிருந்து இறங்கியிருப்பாள்.

"இப்ப பாருங்க, கிடார் நடக்கும். இந்தக் காதுலேர்ந்து அந்தக் காதுக்கு" என்றார், விரலை என் முகத்துக்கு முன்னால் வலமிருந்து இடமாக நகர்த்திக் காட்டி. கிடார் வலப்பக்கம் கிளம்பியது. நன்றாகவே அழுதது, பொய் சொல்லக் கூடாது. நடுநெற்றி வரை வந்து நின்றுவிட்டது. விரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. "உங்க ஆள் பாதி வழியில வாசிக்கறதை விட்டுட்டாரே, இதுக்கா இவ்வளவு பேர்? இல்ல, உங்க ஹெட்போன் போச்சா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக் கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹெட்போன் நல்லா இருக்கு, டிரைவர் சார். நீங்க டாக்டர்கிட்ட போங்க, ப்ளீஸ்."

நான் போகவில்லை.

ஒற்றை விசில்

பஸ்ஸுக்கு ஒரே பாஷை விசில். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. எங்கள் கண்டக்டர் செல்வம் படிக்கட்டுப் பக்கம், அதாவது எனக்கு இடப்பக்கம் பின்னாலிருந்து அடிப்பான். சில மாதமாகவே, "கேக்கலையாணா?" என்று அவன் எட்டிப்பார்ப்பதும், "பாட்டு ஜாஸ்தியா இருக்குடா" என்று நான் சமாளிப்பதும் வாடிக்கையாகிவிட்டது.

ஒருநாள் சோமாசிபாடியில், எஞ்சின் அடங்கி நின்றதால் இரட்டை விசில் கேட்டது, வண்டியை எடுத்தேன். மஞ்சள் அட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா கடைசி நேரத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையோடு இறங்கப் பார்த்திருக்கிறார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். செல்வம் ஒற்றை விசிலை விடாமல் ஊதியிருக்கிறான். பஸ்ஸே கத்தியிருக்கிறது. கண்ணாடியில் அவர் சாய்வதைப் பார்த்த பிறகுதான் பிரேக் அடித்தேன். முழங்கால் தோல் பிய்ந்து ரத்தம். ரோடெல்லாம் மல்லாட்டை. அரையடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் பின்சக்கரம். கீழே இறங்கி அதைப் பொறுக்கினேன். அந்த அம்மா தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார். "பாட்டு கேக்கற காதுக்கு, நான் கத்துனது கேக்கலையாப்பா?"

மிஷின்

மறுநாளே முதலாளி சொல்லிவிட்டார், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வண்டியை எடுக்காதே என்று. டாக்டர் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்தபோது எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் முடித்திருந்தார்கள். டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் எஞ்சின் பெட்டி, இருபத்திரண்டு வருஷம் அந்த உறுமல், அதை அமுக்க நான் வைத்த பாட்டுச் சத்தம் வேறு. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் கொடுத்தார்கள். மாட்டியதும் நான் முதலில் கேட்டது பாட்டைத்தான். கீழே இறங்கி, பஸ் நிலையத்தில் நின்ற வண்டிக்குப் போய் நீல அட்டையைப் போட்டேன். யாரோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது. திரும்ப மாடியேறிக் கேட்டேன், வேறு மிஷின் இல்லையா என்று. டாக்டர் நல்ல மனுஷர், பொறுமையாகத்தான் சொன்னார். "விசில் கேக்கும், ஹாரன் கேக்கும், உங்க வேலைக்கு அது போதும். பாட்டு அப்படித்தான் இருக்கும். பாட்டு என்ன அவ்ளோ முக்கியமா?"

பாயின் கடை

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாலு வருஷமாக நான் சொன்ன அபிப்பிராயங்களில் என்னுடையது எத்தனை, காதுடையது எத்தனை? பசையில்லை என்றது, கூடு என்றது, ரசனை வளர்ந்துவிட்டது என்றது எல்லாம்? நேராகக் கரீம் பாய் கடைக்குப் போனேன். அவர் ஒரு பூட்டின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு தன் போனில் மஞ்சள் அட்டையின் மூன்றாவது பாட்டைத் தேடினார். காதில் சொருகுகிற ஒயரில், இடது காதுக்கு உள்ளதை எடுத்து என் வலது காதில் வைத்தார்.

வயலின் வந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே வந்தது. நாலு வருஷமாக அது அங்கேயே வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான்தான் பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்துவிட்டு அதன் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் பாடுகிறவரைக் காணோம். அவர் குரல் இன்னொரு ஒயரில், பாயின் கையில் இருந்தது. அதை மாற்றிச் சொருகினால் குரல் வந்தது, வயலின் போய்விட்டது. இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பாய் என் தோளில் கைவைத்தார். "போதும் உடுங்க டிரைவர். ரெண்டும் சேர்ந்துதாங்க அது பாட்டு."

மன்னித்துவிட்டார். ஆனால் மகனுடைய பைக்கில் போய்வரப் பழகிவிட்டாராம், பஸ்ஸுக்கு வரமாட்டார்.

ஒன்பது நாள்

மிஷினை மாட்டினால் பாட்டு தகரம். கழற்றினால் விசில் கேட்காது. அந்த அம்மாவின் முழங்கால் கண்ணிலேயே நின்றது. யோசிக்க ஒன்றும் இல்லை, செட்டை அணைத்துவிட்டேன். முதல் டிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுபது பேர் பின்னாலிருந்து "என்னாச்சு, பாட்டு எங்க?" என்று கேட்கப் போகிறார்கள், என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பாட்டை வைதவர்கள், பாட்டுக்காகவே ஏறுகிறேன் என்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் ஏறினார்கள், போனைப் பார்த்தார்கள், இறங்கினார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். பௌர்ணமிக்குக் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது செல்வத்திடம், "பாட்டு இல்லாம எப்படிடா இருக்குது?" என்று கேட்டேன். அவன் கிளாஸை வாயருகே வைத்தபடி நின்றான். "பாட்டு இல்லையா? நீங்க போடுறீங்கன்னே நெனச்சினு இருந்தேன்ணா."

இருபத்திரண்டு வருஷம் ஒரு பஸ் நிறைய ஜனத்துக்குப் பாட்டுப் போட்டேன் என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டு வந்தது மொத்தம் இரண்டே பேர், அதில் ஒருவரை நானே சண்டை போட்டு இறக்கிவிட்டேன், இன்னொருவனுக்கு ஒரு காது போய்விட்டது.