கசெமோரிக்கு வந்த முதல் ஆள்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பெங்களூர் ரயில் ஏறி, ஜப்பான் சாயலில் நானே கற்பனை செய்த கசெமோரி என்ற சிற்றரசின் வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தேன். வீட்டில் கேலி செய்ததால், இதோடு விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

“இன்னா ஊருங்க இது?” என்றார் எதிரில் இருந்த பெண்மணி.

பனிமலை, மூன்று தீவுகள், சிற்றரசனான அண்ணனின் கோட்டையைத் தம்பி முற்றுகையிட்டது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் இறங்க வேண்டிய பங்காருபேட்டை வந்தது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்கிறேன். அண்ணங்காரன் பொழைச்சானா, சொல்லுங்க!”

அதை நான் யோசித்ததே இல்லை. அங்கேயே உண்டாக்கினேன். கடலிலிருந்து மூடுபனி வந்தது. வழி தெரியாமல் தவித்த தம்பியின் படைக்கு வழிகாட்ட அண்ணனே கோட்டைமேல் தீ மூட்டினான்.

அவர் கைதட்டினார். இறங்கியபின் ஜன்னலருகே ஓடிவந்து, “தம்பி இன்னா பண்ணான்?” என்று கத்தினார். ரயில் கிளம்பிவிட்டது.

அவரை அப்புறம் பார்க்கவே இல்லை. அந்தக் கேள்விக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.