ஆறாவது ஊசி

செல்லபாய்க்கு வேல்சாமி எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அறுபத்தோரு வயதுவரை டீக்கடையில்கூட ‘நாளைக்குத் தாரேன்’ என்று சொன்னதில்லை. அவரைக் கடன்காரர் ஆக்கியது குடியோ சீட்டோ இல்லை. அவருடைய சொந்த வலது தோள்தான்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினேழாம் வயதில் தென்காசியில் பஸ் ஏறி, மலை தாண்டி மலையாளச் சீமையில் கிழக்கேகோட்டையில் இறங்கியபோது கையில் ஒரு மஞ்சள் பை, பையில் மாற்றி உடுக்க ஒரு சாரம். அவ்வளவுதான். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயை உரித்தே கரமனையில் இரண்டு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டியவர். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தரையில் நட்ட கூரான இரும்புப் பாரையில் காயைக் குத்தி, மூன்றே திருகில் மட்டையைக் கழற்றுவார். குடுமி மட்டும் அழகாக நிற்கும். ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது காய். எண்ணிக்கையிலும் அப்படியே. ஐந்தைந்தாக எறிவார், நூறு ஆனதும் அடையாளத்துக்கு ஒரு காயைத் தனியே வைப்பார். ஆயிரம் காயை எண்ணி முடிக்கும்வரை வாய் கதை பேசிக்கொண்டிருக்கும். ஒரு காய் கூடாது, குறையாது. ஒரு தடவை எண்ணியதை இன்னொரு தடவை எண்ணிய சரித்திரமும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட தோள் நாலு மாதமாகக் கடுத்தது. கழுத்தடியில் கல்லை வைத்துத் தைத்ததுபோல ஒரு இறுக்கம். அங்கிருந்து வலி முழங்கைவரை இறங்கும். எண்ணெய் தேய்த்தார், உழிச்சில்காரனிடம் பிடித்துவிடச் சொன்னார், பற்றுப் போட்டார். பாதி நாள் வேலை போயிற்று. செல்லபாயின் கடையில்தான் அவருக்குக் கூலி. பூஜைச் சாமானும் தேங்காயும் விற்கிற அந்த அக்காவிடம் ஆயிரம், ரெண்டாயிரமாக வாங்கியது அப்படியே வளர்ந்துவிட்டது.

ஆடி மாதம் ஒரு காலை, காயைப் பாரையில் குத்தி அழுத்தும்போது தோள் பூட்டிக்கொண்டது. கை பாதியில் நின்றது. காய் உருண்டு போயிற்று. விரித்த உள்ளங்கை பாரையின் நுனிக்கு மேலே, ஒரு சோளப்பொரி இடைவெளியில். வேல்சாமி மூச்சு விடவில்லை. வந்த புதிதில் அவரோடு உரித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு இதே மாதிரி கை வழுக்கிப் பாரை உள்ளங்கையில் ஏறி மறுபுறம் வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவன் அதற்குப் பிறகு சோறு பிசைந்து சாப்பிட்டதில்லை.

“என்ன வேல்சாமி, கைய அப்பிடியே வச்சிட்டு நிக்க? படம் பிடிக்கவா?” என்றாள் செல்லபாய் கல்லாவிலிருந்து.

“ஒண்ணுமில்ல அக்கா. காய் கொஞ்சம் முத்தல்.”

“காயா முத்தல், நீயா?”

சிரித்தாள். ஆனால் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். அவர் முகத்தில் வேர்வையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“சதுர்த்திக்கு அஞ்சு வாரம் இருக்கு. மூவாயிரம் காய் வருது. உன் கைய நம்பவா, நெய்யாற்றின்கரையில காய் உரிக்கிற மெஷின்காரன வரச் சொல்லவா? மெஷின் வந்தா அப்புறம் போகாது, கேட்டியா. என் கழுத்துக்கு ஒரு பொண்ணு ஊசி போட்டுச்சுல்லா, நீயும் போ. காசு நான் தாரேன். அதையும் கணக்குல எழுதிக்கிடுதேன்.”

போகாமல் என்ன செய்வது? கை போனால் வேலை போகும். வேலை போனால் கடன் நிற்கும். கடனோடு பழவங்காடிச் சந்தியில் எப்படி நடப்பது?

கரமனையில் மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தப் பிசியோதெரபி நிலையம். ராகேல் என்ற பெண், களியக்காவிளைக்காரி, முப்பது வயது இருக்கும். அவர் தோளைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினாள். வலி முழங்கைக்குப் பாய்ந்தது.

“இங்க அமுக்கினா அங்க வலிக்குது, இல்லியா? சதை முடிச்சு போட்டுக் கெடக்கு, அண்ணாச்சி. எத்தனை வருஷமா ஒரே கையால அழுத்துதிய! இதுக்கு ட்ரை நீட்லிங் செய்யலாம். மருந்து ஒண்ணும் இல்ல. முடியளவு ஊசியாக்கும். முடிச்சுக்குள்ள போய்த் தொட்டா அது இளகும். பேடிக்கண்டா.”

“பயமா? எனக்கா?” வேல்சாமி நெஞ்சை நிமிர்த்தினார். “நாப்பத்திநாலு வருஷமா நெஞ்சுக்கு நேரா கம்பிய நட்டு அது மேல சாஞ்சு நிக்கிறவன் நான். ஊசியக் காட்டிப் பயம் காட்டுதியளே!”

சொன்னது வாய். கட்டிலில் குப்புறப் படுத்து, முகம் வைக்கிற ஓட்டையில் முகத்தை வைத்ததும் வீரமெல்லாம் இறங்கிப்போயிற்று. பாரை கண்ணுக்கு முன்னால் நிற்கிற பொருள். இது முதுகுக்குப் பின்னால் வருவது. தரையில் ராகேலின் செருப்பு மட்டும் தெரிந்தது.

கண்ணில்லாத இடத்தில் அவருக்கு எண்ணிக்கைதான் துணை. சதையைக் கிள்ளிப் பிடித்து ஒரு தட்டு. ஒன்று. இன்னொரு தட்டு. இரண்டு. மூன்றாவதற்குப் பிறகு, மீன் துள்ளியதுபோல உள்ளே ஒன்று வெட்டி இழுத்தது. நான்கு என்று எண்ணினார். ஐந்து. ஆறு. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு ஊசிகளை எடுத்து அவள் எஃகுக் கிண்ணத்தில் போட்ட சத்தம் கேட்டது. டிங். டிங். டிங். டிங். டிங்.

ஐந்து.

“முடிஞ்சு, எழும்புங்க. ஒண்ணு ரெண்டு நாள் கன்னிப்போன மாதிரி வலி இருக்கும். சூட்டு ஒத்தடம் வைங்க. கைய மெதுவா அசைச்சிட்டே இருங்க, கட்டி வைக்கப்படாது. ரெண்டு நாள் பாரைப் பக்கம் போகண்டா. ஒரு வாரம் கழிச்சு வாங்க.”

அவர் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. ஆறு போயிற்று, ஐந்து வந்தது. ஒரு ஊசி உள்ளே இருக்கிறது. கேட்டுவிடலாம். ஆனால் நெஞ்சை நிமிர்த்திப் பேசிய வாய் இப்போது எப்படிக் கேட்கும்? படியிறங்கிவிட்டார். இறங்கும்போதே வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டார்.

மறுநாள் தோள் முழுக்க அடிபட்ட மாதிரி வலித்தது. சந்தேகமே இல்லை, ஊசி நகர்கிறது. உடம்புக்குள் போன ஊசி ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்குப் போய்ச் சேரும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. இருமல் வந்தால் அடக்கினார். பஸ் சத்தம் கேட்டால் அதிர்ந்தார். அசைந்தால்தானே ஓடும் என்று துண்டை மடித்துக் கழுத்தில் கட்டி, ஊக்கு குத்தி, கையை அதில் தொங்கவிட்டார். கடைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். தோளிலிருந்து நெஞ்சுக்கு எத்தனை விரற்கடை என்று அளந்தும் பார்த்தார். பதினொன்று.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் இடது கையால் சோற்றைக் கிளறுவதைப் பார்த்த அவர் மனைவி பேச்சிக்குப் பொறுக்கவில்லை.

“பச்சப்புள்ள மாதிரி என்னத்துக்கு இப்பிடிப் பண்ணுதிய? ஊசி போட்டுட்டு வந்ததுலேருந்து முகம் சரியில்ல. என்னன்னு சொல்லுதியளா, இல்ல நான் செல்லபாய் அக்காட்டக் கேக்கட்டா?”

சொன்னார். முப்பத்தாறு வருடத்தில் மனைவியிடம் ‘பயமா இருக்குட்டி’ என்று சொன்னது அன்றுதான்.

பேச்சி பரணிலிருந்து பழைய ரேடியோப் பெட்டியின் காந்தத்தைத் தேடி எடுத்துவந்தாள். தோளின் மேல் மெதுவாக நகர்த்தினாள்.

“இழுக்குதா?”

“பொறு... இந்தா... இழுக்குது! இழுக்குதுட்டி! ஐயோ, எடு!”

காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வேல்சாமி கண்ணை மூடிக் குலசாமியைக் கூப்பிட்டார்.

“கண்ணத் திறங்க. துண்டுல குத்தின ஊக்கப் பிடிச்சிருக்கு. எழும்புங்க, அந்தப் புள்ளட்டப் போவோம்.”

ராகேல் சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து காட்டினாள். போட்டது ஐந்து, எடுத்தது ஐந்து. இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே அவருக்கு.

“எழுதுத கை எதையும் எழுதும், டாக்டரம்மா,” என்றார். “ஆயிரம் காய்ல ஒண்ணு தப்பாத ஆளு நான். ஆறு கொட்டு கொட்டிச்சு.”

“சரி. எண்ணிக்கை உங்களுக்கே விடுதேன். இன்னொரு தடவ போட்டாத்தான் தெரியும், சம்மதமா?”

உள்ளே ஒன்று இருக்கும்போது இன்னும் ஐந்தா? பேச்சியைப் பார்த்தார். பேச்சி தலையை ஆட்டினாள். படுத்தார்.

அட்டையில் வரிசையாக ஐந்து ஊசிகள். வேல்சாமி தலையைத் தூக்கி, உறைக்கு மேலாகத் தொட்டுத் தொட்டு எண்ணி, அட்டையைப் பேச்சியிடம் கொடுக்கச் சொன்னார். பேச்சி ஒரு கையில் அட்டையும் ஒரு கையில் கிண்ணமுமாகக் கட்டிலருகே நின்றாள்.

“ஒண்ணு,” என்றார் ஓட்டைக்குள்ளிருந்து. “ரெண்டு.” கட்டிலின் காலை அவர் இடது கை இறுகப் பிடித்திருந்தது. “மூணு.” உள்ளே மீன் துள்ளியது. “நாலு! பாத்தியா, நாலு!”

“மூணுதான்.”

“நாலுட்டி!”

“அட்டையில ரெண்டு மிச்சம் இருக்கு. அஞ்சுல ரெண்டு போனா உங்க கணக்குல எத்தனை?”

அவர் இடது கை கட்டிலின் காலை விட்டு விரல் மடக்கியது.

“அது ஊசியில்ல, அண்ணாச்சி,” என்றாள் ராகேல், கையை எடுக்காமலே. “முடிச்ச ஊசி தொட்டதும் சதை தானே ஒரு வெட்டு வெட்டும். வெட்டினாத்தான் இளகும். நல்லதாக்கும் அது. குத்தினது நானில்ல, உங்க சதை.”

இன்னும் இரண்டு போயின. எடுக்கும்போது பேச்சி கிண்ணத்தை அவர் காதருகே பிடித்தாள். ஐந்து சத்தம். அவர் எழுந்து, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, வாயை அசைத்து எண்ணினார். ஊசி இல்லை என்று ஆனதும் கண்ணில் நீர் முட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை அவருடைய எண்ணம்.

“கைய மேல தூக்குங்க,” என்றாள் ராகேல்.

தூக்கினார். தோள்வரை வந்தது. இன்னும் கொஞ்சம். காதைத் தொட்டது. நாலு மாதமாகப் போகாத இடம்.

“மூணு நாள் கட்டிப்போட்டு வச்சு இறுக்கிட்டிய. இல்லேன்னா இன்னும் போயிருக்கும்,” என்று ஒரு திட்டும் கிடைத்தது. “ஊசி வழி திறந்து தரும், அவ்வளவுதான். மீதி நீங்க செய்யணும்.” ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். பாரை எத்தனை உயரம் என்று கேட்டாள். நெஞ்சளவு என்றார். ரோட்டில் போகிறவர்களுக்கும் வேல்சாமியின் வேலை தெரியட்டும் என்று முப்பது வருடம் முன்னால் ஒரு சாண் உயர்த்தி நட்டது. அதைச் சொல்லாமல் விட்டார். இடுப்பளவுக்கு இறக்குங்கள், தோளைத் தூக்காமல் அழுத்தலாம் என்றாள். முனகிக்கொண்டே இறக்கினார்.

அடுத்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவை ஊசி. மந்திரம்போட்டதுபோல ஒரே நாளில் ஒன்றும் சரியாகவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு முழங்கைக்கு இறங்குகிற வலி நின்றது. பிறகு சட்டை போடப் பேச்சி தேவைப்படவில்லை.

சதுர்த்திக்கு நாலு நாள் முன்பு பாரை முன்னால் நின்றார். காய் கையில். கூரான நுனி வெயிலில் மின்னியது. செல்லபாய் பார்க்கிறாள், சந்தி பார்க்கிறது. நடுவில் பூட்டிக்கொண்டால்? உள்ளங்கை வேர்த்தது. சாரத்தில் துடைத்தார். மறுபடி வேர்த்தது, மறுபடி துடைத்தார். பிறகு குத்தி அழுத்தினார். தோள் பிடிக்கவில்லை. ஒரு திருகு, இரண்டு, மூன்று. குடுமி அழகாக நின்றது. அடுத்த காயை எடுக்கும்போதும் அதே பயம்தான். நூறாவது காய்வரை அது போகவில்லை.

மூவாயிரத்தில் ஆயிரத்து எழுநூறு அவர் உரித்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ராகேல் சொன்ன கணக்குக்கு மேல் ஒரு நாளும் உரிக்கவில்லை. மீதியைச் செல்லபாய் வரவழைத்த மெஷின்காரன் உரித்தான். மெஷின் உரித்ததில் முக்கால்வாசிக்குக் குடுமியே இல்லை. குடுமியில்லாத காயைப் பூஜைக்கு யார் வாங்குவார்? சதுர்த்தி முடிந்ததும் செல்லபாயே மெஷினைத் திருப்பி அனுப்பினாள். வேல்சாமி மெஷின் வண்டி போன பக்கத்தைப் பார்த்து மீசையை மட்டும் ஒதுக்கினார்.

கார்த்திகை பிறந்தது. சபரிமலைச் சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து பழவங்காடியில் காய் உடைத்துவிட்டுப் போனார்கள். வேல்சாமி தினமும் காலையில் ரப்பர் பட்டையை இருபது தடவை இழுத்துவிட்டு வேலைக்குப் போனார். கூலியில் தினமும் ஒரு பங்கைப் பேச்சி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

மகரவிளக்கு கழிந்த மறுநாள் காலை, கடை திறந்து விளக்கு ஏற்றின கையோடு செல்லபாய் திரும்பினால், வேல்சாமி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி நின்றார்.

“கைய நீட்டுங்க, அக்கா.”

“கல்லாவுல போட்டுட்டுப் போயேன். உன் எண்ணிக்கைய நான் என்னைக்குச் சரிபார்த்திருக்கேன்?”

“நீட்டுங்க.”

நீட்டினாள். வலது கையைத் தோளிலிருந்து வீசி, ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் காய் எறிகிற மாதிரி ஐந்தைந்தாக அந்த உள்ளங்கையில் வைத்தார். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. மேலே நாலு. இருபத்தொன்பது.

செல்லபாய் கையை மூடப் போனாள்.

“பொறுங்க, அக்கா. இன்னொரு தடவ எண்ணிக்கிடுதேன்.”

சந்தியில் பூக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேல்சாமி நோட்டுக்கட்டை எடுத்து, இந்தத் தடவை ஐந்தைந்தாக இல்லாமல், ஒவ்வொரு தாளாக விரலால் தேய்த்துப் பார்த்து, வாய்விட்டு எண்ணி, விரிந்திருந்த அந்தக் கையில் வைத்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு...

இருபத்தொன்பது.