குளவி அறையின் வாசல்

தாம்பரத்தில் மகளோடு போன சிறுவர் அருங்காட்சியகத்தில், பூச்சிகள் அறை வாசலில் நின்ற பணிப்பெண் அவர். நீலப் புடவை, தூங்காத கண்கள். உள்ளே திரையில் குளவியைத் தொட்டால் சிரித்துப் பாடும். வெளியே வரும் ஒவ்வொரு குழந்தையின் விரலையும் பிடித்து, "நெஜக் குளவிய தொடக் கூடாது கண்ணு" என்பார்.

"ஏன்க்கா எல்லார்கிட்டயும் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எம்பொண்ணு இங்க விளையாடிட்டு வந்து, வூட்டாண்ட இருந்த கூட்டைத் தொட்டுட்டா சார்."

"இப்ப எப்படி இருக்கா?"

அவர் அடுத்த குழந்தையின் விரலைப் பிடித்தார்.

மாலையில் எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு பால்கனியில், நாற்காலி மேல் ஏறி நின்ற மகள், "அப்பா, இது ஏன் பாட மாட்டேங்குது?" என்றாள். எதிரே குளவிக் கூடு. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

அந்தப் பணிப்பெண்ணின் மகள் பிழைத்தாளா என்று போய்க் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.